கைக்குள் சுருங்கிய உலகம்

ஓடுவதும் தாவுவதும் மனிதனுக்கு யாரும் கற்றுக்கொடுத்து வந்தவை அல்ல. குறுகிய வாய்க்காலைக் கண்ட சிறுவன் அதைச் சுற்றிக்கொண்டு போக நினைப்பதில்லை. இரண்டடி பின்வாங்கி, ஓடிவந்து, ஒரே தாவாகத் தாவி அக்கரை சேரவே விரும்புகிறான். தாவுவதற்கு முன் அவன் கண் ஒரு வேலை செய்கிறது. அகலம் எவ்வளவு, அக்கரை மண் வழுக்குமா, கால் எங்கே ஊன்றும் என்பனவற்றை அது நொடிப்பொழுதில் அளந்துவிடுகிறது. இந்த எளிய உண்மையின்மேல் கட்டப்பட்ட வீடியோ விளையாட்டு ஒன்று, ஜப்பான் நாட்டின் கியோத்தோ நகரிலுள்ள நின்டெண்டோ நிறுவனத்திலிருந்து 1985 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 ஆம் நாள் வெளிவந்தது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்பது அதன் பெயர்.

நின்டெண்டோ பழைய நிறுவனம். 1889 ஆம் ஆண்டில் புசாஜிரோ யாமௌச்சி என்பவர் மலர்ப்படம் தீட்டிய சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கிய கடையே பிற்காலத்தில் இந்நிறுவனமாக வளர்ந்தது. சீட்டுக்கட்டிலிருந்து பொம்மைக்கும், பொம்மையிலிருந்து மின்னணு விளையாட்டுக்கும் அது படிப்படியாக வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடத்தக்க ஃபேமிகாம் என்னும் கருவியை 1983 ஆம் ஆண்டில் அது ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்க நாட்டில் வீடியோ விளையாட்டு வணிகம் சரியத் தொடங்கியது. தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்தன. வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர். அந்தச் சரிவுக்குப் பின் மக்களை மீண்டும் இத்துறையின்பால் ஈர்த்தவற்றுள் மாரியோவின் ஆட்டத்திற்குத் தலையாய இடம் உண்டு. நாளடைவில் 4 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றன.

இதனை வகுத்தவர் சிகேரு மியாமோட்டோ. அவருக்குத் துணை நின்றவர் தகாஷி தெசூக்கா. இசை அமைத்தவர் கோஜி கோண்டோ. இவர்களிடம் இருந்த இடமோ மிகச் சிறிது. ஆட்டம் முழுவதும், அதன் படங்களும் இசையும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதைப்போலப் பல மடங்கு இடத்தை விழுங்கிவிடும். அந்தச் சிற்றிடத்தில் 8 உலகங்கள், உலகம் ஒன்றுக்கு 4 நிலைகள், ஆக 32 நிலைகளை அவர்கள் அமைத்தனர். சிக்கனம் எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். வானில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே வடிவம். ஒன்றுக்கு வெண்ணிறமும் மற்றொன்றுக்குப் பச்சை நிறமும் தீட்டியிருப்பதே வேறுபாடு. ஆடுவோரிற் பெரும்பாலார் இதனைப் பல ஆண்டுகள் கவனித்ததே இல்லை. மாரியோவின் மீசைக்கும் இதுவே காரணம். சில புள்ளிகளைக் கொண்டு வாயும் மூக்கும் தனித்தனியே வரைய முடியாது; ஆகவே பெரிய மூக்கின்கீழ் மீசையை வைத்தனர். தலைமயிர் வரைவது கடினம். ஆகவே தொப்பி அணிவித்தனர். அந்த மீசை வீரத்தின் அடையாளமன்று, இடமின்மையின் அடையாளம்.

ஆயினும் இவ்வாட்டத்தின் பெருமை சிக்கனத்தில் இல்லை. கற்பிக்கும் முறையில் இருக்கிறது. முதல் உலகத்தின் முதல் நிலையைக் காண்க. மாரியோ திரையின் இடப்பக்கத்தில் நிற்கிறான். அவனுக்கு வலப்பக்கம் வெட்டவெளியாகக் கிடக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்த வெட்டவெளியே அவனை அழைக்கிறது. சில அடி நடந்ததும் சினந்த முகத்தோடு சிறு உருவம் ஒன்று எதிரே ஊர்ந்து வருகிறது. இது நண்பனன்று என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். தொட்டால் உயிர் போகிறது. ஆட்டம் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால் இழப்பும் பெரிதில்லை. மறுமுறை வருபவன் தாவுகிறான். தாவியவன் தற்செயலாக அதன் தலையில் விழுந்தால் அது நசுங்குகிறது. இவ்வாறு இரண்டாவது பாடமும் முடிந்தது.

அடுத்தது காளான். கேள்விக்குறி பொறித்த பெட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிவந்து வலப்புறமாக நகர்கிறது. சற்று முன்பு ஊர்ந்துவந்த பகையின் வடிவத்தை ஒருவாறு ஒத்திருப்பதால், அதுவும் பகையோ என்று ஆடுவோர் ஐயுறுவர். ஆனால் அது விலகிப் போகிறது. மனம் அமைதி அடைகிறது. எதிரிலுள்ள பச்சைக் குழாயில் மோதி அது திரும்பி வருகிறது. மனம் மீண்டும் பதறுகிறது. தாவித் தப்ப முயன்றால் தலைக்குமேல் உள்ள செங்கல் வரிசையில் முட்டிக் கீழே விழ நேர்கிறது. காளான் உடலில் படுகிறது. அஞ்சிய பொருள் மாரியோவைப் பெரியவனாக்கி வலிமை தருகிறது. அச்சத்தையும் அதன் நீக்கத்தையும் இத்தனை சில நொடிகளில் ஒரு சொல்லும் இன்றிக் காட்டிய ஆசிரியர்கள் எந்தத் துறையிலும் மிகுதியாக இல்லை.

அந்நிலையின் இறுதிப் பகுதியில் இன்னொரு நயம் உண்டு. படிகளைப்போல் அடுக்கிய கற்களுக்கு இடையே ஒரு பள்ளம் வருகிறது. அதில் தவறி விழுந்தாலும் அடியில் தரை இருக்கிறது. ஏறி மீண்டும் முயலலாம். அடுத்தாற்போல் அதே அமைப்பு மறுமுறை வருகிறது. இம்முறை அடியில் தரை இல்லை. விழுந்தால் உயிர் இல்லை. முதலில் அஞ்சாமல் பழகவிட்டு, பிறகு அதே செயலை அச்சத்தோடு செய்யச் சொல்லும் முறை இது. நீச்சல் கற்பிப்போர் கரையோரத்தில் பழக்கிய பின்னரே ஆழத்திற்கு அழைத்துச் செல்வதும் இத்தகையதே. மியாமோட்டோ இந்த அமைப்பின் காரணங்களை 2015 ஆம் ஆண்டில், ஆட்டத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவின்போது, தாமே விளக்கிக் கூறியிருக்கிறார்.

இவையெல்லாம் கண்ணை நம்பி வகுத்தவை. ஃபேமிகாம் கருவியின் படம் 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உடையது. ஆட்டத்தில் ஒரு கல்லின் பக்கம் 16 புள்ளி. எனவே திரையில் ஒரே நேரத்தில் 16 கல் அகலமும் 15 கல் உயரமும் உள்ள உலகம் தெரியும். மாரியோவின் தாவல் இந்த அளவுக்குப் பொருந்த அமைந்தது. பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் உயரத் தாவுவான். தட்டிவிட்டால் சிறிதே எழுவான். ஓடிவந்து தாவினால் தொலைவு மிகும். வேகமாக ஓடுபவன் உடனே நிற்க முடியாமல் சற்றுச் சறுக்குவான். ஆகவே எதிரே வருவது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். தெரிந்தும் தவறினால் அது ஆடுபவன் குற்றம். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்குவான். தெரியாமல் தவற நேர்ந்தால் அது ஆட்டத்தின் குற்றமாகிவிடும். தாவி ஆடும் பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளின் அறம் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது எனலாம்.

இந்த அறத்திற்குத்தான் 1999 ஆம் ஆண்டில் சோதனை வந்தது. நின்டெண்டோ தன் கேம் பாய் கலர் என்னும் கையடக்கக் கருவிக்காக இவ்வாட்டத்தை மீண்டும் வெளியிட்டது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் என்று அதற்குப் பெயர் சூட்டியது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத்தக்க கருவி, இரண்டு சிறு மின்கலங்களில் இயங்குவது, வண்ணம் காட்டுவது. தொலைக்காட்சியின் முன் கட்டுண்டு கிடந்த மாரியோ இரயில் வண்டியிலும் மரநிழலிலும் ஓடத் தொடங்கினான். கோண்டோவின் இசையும் பெரிதும் கெடாமல் உடன் வந்தது. மூல இசை நான்கு குரல்களால் ஆனது, சிறு கருவிக்கும் நான்கு குரல்கள் உண்டு.

ஆனால் அக்கருவியின் திரை 160 புள்ளி அகலமும் 144 புள்ளி உயரமுமே உடையது. கற்கணக்கில் சொன்னால் 10 கல் அகலம், 9 கல் உயரம். மாரியோவின் உருவத்தைச் சுருக்காமல் அப்படியே வைத்தனர். ஆகவே அவனைச் சுற்றியிருந்த உலகத்தைத்தான் வெட்ட வேண்டியதாயிற்று. 240 கற்கள் தெரிந்த இடத்தில் 90 கற்களே தெரிந்தன. பாதிக்கும் குறைவு! முழு நிலவு காட்டிய சாளரத்தைத் திட்டிவாசலாக்கியது போன்றது இது.

விளைவுகள் பல. முழு வேகத்தில் ஓடிவருபவனுக்குப் பள்ளம் தெரிவதற்கும் அவன் பள்ளத்தில் விழுவதற்கும் இடையே உள்ள பொழுது குறுகிவிட்டது. உயரே இருக்கும் மேடைமீது தாவ விரும்புபவன் மேடை இருக்கும் இடத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. மேகத்தின்மேல் அமர்ந்து முள்முட்டை எறியும் லக்கிட்டு என்னும் பகைவன் பழைய திரையின் மேற்பகுதியில் மிதப்பவன். புதிய திரையில் தரையில் நிற்பவன் கண்ணுக்கு அவன் எட்டுவது அரிது. முட்டை மட்டும் வானத்திலிருந்து வரும். முதல் நிலையின் காளான் பாடமும் சற்றே நொய்ந்தது. காளான் மோதித் திரும்பும் குழாய் படத்துக்கு வெளியே நிற்குமானால், அது ஏன் திரும்பியது என்பதைச் சிறுவன் எங்ஙனம் அறிவான்?

வெளியிட்டோர் இக்குறையை அறியாதவர் அல்லர். மேலும் கீழும் பார்ப்பதற்கென்று படத்தை நகர்த்தும் வசதியை அவர்கள் செய்து கொடுத்தனர். நின்று, மேற்பக்க விசையை அழுத்தி, மேலே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிறகு தாவலாம். நல்ல உதவிதான். ஆனால் ஓட்டத்தையே உயிராகக் கொண்ட ஆட்டத்தில் நின்று நின்று எட்டிப்பார்ப்பது, பாட்டின் நடுவே பாடகர் நிறுத்தி ஏட்டைப் புரட்டுவது போன்றது. மேலும், பகைவனும் பள்ளமும் மிகுதியாக வரும் முன்பக்கத்துக்கு இவ்வுதவி போதவில்லை.

இதனால் அந்த மறுவெளியீடு வீண் என்று சொல்வது தகுமா? தகாது. ஏறக்குறைய 50 இலட்சம் படிகள் விற்ற ஒன்றை, மக்கள் ஏமாந்து வாங்கியது என்று தள்ளிவிட முடியாது. அதில் அவர்கள் பெற்றவை உண்மையான நன்மைகள். மூல ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும் வழி இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் அழிந்தது. 32 நிலைகளையும் வரிசையாகக் கடக்க விரும்புபவனுக்குத் தொலைக்காட்சியும் நேரமும் வீட்டாரின் பொறுமையும் ஒருங்கே வாய்க்க வேண்டும். டீலக்ஸ் பதிப்போ ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்தது. பத்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் மாணவனும், வேலைக்குச் செல்லும் வழியில் ஆடும் தொழிலாளியும் இதனால் முதன்முறையாக இறுதிக் கோட்டையைக் காணக்கூடியவர் ஆயினர். கலையைச் சுவைக்க ஓய்வு மிக்கவருக்கே உரிமை என்று எந்த விதியும் இல்லை. ஆட்டத்தை எளிதாக்கிவிட்டனர் என்று பழைய ஆட்டக்காரர் சிலர் குறைகூறுவர். தாம் பட்ட துன்பத்தைப் பிறரும் படவேண்டும் என்னும் ஆசையைத் தவிர அக்கூற்றில் வேறு சரக்கு மிகுதியாக இல்லை.

அன்றியும், அப்பதிப்பில் புதையல் ஒன்று மறைந்திருந்தது. 1986 ஆம் ஆண்டில் ஜப்பானில் மட்டும் வெளிவந்த இரண்டாம் ஆட்டம், மிகக் கடினம் என்ற காரணத்தால் அமெரிக்காவுக்கு அக்காலத்தில் அனுப்பப்படவில்லை. அங்குள்ளோர் 1993 ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பின் வழியாகவே அதனை முதலில் கண்டனர். டீலக்ஸ் பதிப்பில் 3,00,000 புள்ளி பெற்றவர்க்கு அந்த ஆட்டத்தின் நிலைகள் திறந்தன. செந்நிறக் காசுகளைத் தேடிச் சேர்க்கும் போட்டியும், பேயுடன் ஓடும் பந்தயமும் வேறு சேர்த்திருந்தனர். இவையெல்லாம் மூலத்தின் உள்ளே நுழைந்து அதனைக் கலைக்கவில்லை; பக்கத்தில் தனி அறைகளாக நின்றன. மூலத்தை மட்டும் ஆட விரும்புபவன் அவ்வறைகளின் கதவைத் திறக்காமலே செல்லலாம். பழைய நூலுக்கு உரை எழுதுவோர் மூலத்தையும் உரையையும் தனித்தனியே அச்சிடுவது போன்ற நேர்மை இது. படத்தை வெட்டியவர்களே இந்த நேர்மையையும் காட்டினர் என்பது வியப்பு.

ஐந்தாண்டுகள் கழித்து, 2004 ஆம் ஆண்டில், கேம் பாய் அட்வான்ஸ் என்னும் அடுத்த கருவிக்கு இவ்வாட்டம் மறுமுறை வந்தது. இம்முறை படத்தை வெட்டவில்லை. அக்கருவியின் திரை 240 புள்ளி அகலம், 160 புள்ளி உயரம். அகலம் ஏறக்குறைய மூலத்திற்கு ஈடானது, உயரமே குறைவு. ஆகவே உயரவாக்கில் படத்தை அமுக்கிச் சிறிதாக்கினர். முழு உலகமும் தெரிந்தது. ஆனால் மாரியோ சற்றுக் குட்டையானான். சதுரக் கற்கள் தட்டையாயின. 1999 இல் வாங்கியவர்க்குக் கிடைத்த போட்டிகளும் புதையலும் இதில் இல்லை. 40 கிலோபைட் அளவே உள்ள ஒரு பழைய ஆட்டம் தனியாக ஏறக்குறைய 20 டாலருக்கு விற்கப்பட்டது. இது மிகையான விலை என்று பலர் அப்போது முணுமுணுத்தனர். அவர்கள் முணுமுணுப்பில் நியாயம் இருந்தது.

வெட்டுவது மேலா, அமுக்குவது மேலா? அழகை நோக்கின் வெட்டிய படமே மேல். அதில் ஒவ்வொரு புள்ளியும் வரைந்தவர் வைத்த வடிவில் இருக்கிறது. ஆட்டத்தை நோக்கின் அமுக்கிய படமே மேல். அதில் வரப்போவது தெரிகிறது; விழுந்தால் குற்றம் ஆடுபவனுடையதாகவே நிற்கிறது. ஓவியத்தை இவ்வாறு அமுக்கினால் ஓவியம் கெட்டுப்போகும். இதுவோ ஓவியமன்று, ஆடுவதற்கென்று அமைந்த உலகம். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனின் கண்ணுக்கு எட்டும் தொலைவைக் காத்த 2004 ஆம் ஆண்டுப் பதிப்பே மூலத்தின் கருத்துக்கு உண்மையானது எனல் வேண்டும். அது ஏழ்மையாகத் தோன்றினும் உண்மையானது. டீலக்ஸ் பதிப்பின்மீது அன்பு கொண்டோர் இத்தீர்ப்பை ஏற்கமாட்டார். அவர்களிற் பலர் அந்தச் சிறு சாளரத்தின் வழியாகவே மாரியோவின் உலகத்தை முதன்முதல் கண்டவர்கள்.

அளவைப் பற்றிய இந்த வழக்குக் காலத்தால் தீர்ந்துபோயிற்று. 2018 ஆம் ஆண்டு முதல் ஸ்விட்ச் என்னும் கருவியில் சந்தா செலுத்துவோர்க்கு மூல ஆட்டம் முழு உருவில் கிடைத்தது. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் கேம் அண்டு வாட்ச் என்னும் பழைய பெயரோடு, உள்ளங்கையளவே உள்ள ஒரு சிறு கருவியை நின்டெண்டோ வெளியிட்டது. அதன் திரை 320 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உடையது. மூலப் படம் வெட்டப்படாமலும் நசுக்கப்படாமலும் அதில் அடங்கியது. இரண்டாம் ஆட்டமும் உடன் இருந்தது. நேரம் காட்டும் கடிகாரமும் இருந்தது. இருபத்தோராண்டுகளாக இருந்துவந்த குறை நீங்கியது.

நீங்கிய அப்பொழுதே வேறொரு குறை முளைத்தது. அக்கருவி 2021 ஆம் ஆண்டு மார்ச்சு 31 வரையே கடைகளுக்கு அனுப்பப்படும் என்று வெளியிட்டபோதே நிறுவனம் அறிவித்திருந்தது. ஐந்து திங்களும் நிறையவில்லை. பொருள் கிடைக்காமல் போகும் என்ற அச்சத்தை விற்பனைக்குத் துணையாக்கிக் கொள்ளும் வணிக முறை இது. தேவையுள்ளவன் வாங்குமுன் பதுக்குபவன் வாங்குவான். பிறகு கூடுதல் விலைக்கு விற்பான். சட்டப்படி இதில் தவறில்லை. ஆட்டம் நிறுவனத்தின் உடைமை. எப்போது விற்பது, எப்போது நிறுத்துவது என்பது அதன் உரிமை. ஆயினும் உடைமையாளரின் உரிமைக்கு அப்பாலும் ஒரு கேள்வி இருக்கிறது. கோடிக்கணக்கான சிறுவர்களின் கைக்கும் கண்ணுக்கும் பயிற்சியளித்த ஒரு படைப்பு, நடைபாதைக் கடையின் பருவகாலச் சரக்கைப்போல் வந்து மறைவது முறையா?

2023 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் 3டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்கான இணையக் கடை விற்பனையை நிறுத்தியது. டீலக்ஸ் பதிப்பை விலைகொடுத்து வாங்க இருந்த வழி அதோடு அடைபட்டது. அதே ஆண்டு சூலைத் திங்களில், வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை என்னும் அமெரிக்க அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010 ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களுள் 100 க்கு 87 இப்போது கடையில் கிடைப்பதில்லை என்பது அதன் முடிவு. மாரியோ புகழ் பெற்றவன். அவனுக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். புகழ் பெறாத ஆட்டங்களை நினைப்பார் யார்? அவற்றுள்ளும் அறிவோடு தாவலை வகுத்தவர்கள், இரவெல்லாம் விழித்துப் புள்ளி புள்ளியாக வரைந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

சந்தா முறையே இதற்கு மருந்து என்று சிலர் கூறுவர். மாதந்தோறும் சிறு தொகை செலுத்தினால் பழைய ஆட்டங்கள் பல கிடைக்கின்றனவே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பர். அம்முறையால் விளையும் நன்மையை மறுக்க வேண்டுவதில்லை. தவறிய இடத்திலிருந்து சில நொடி பின்னே சென்று மீண்டும் முயலும் வசதியைக்கூட அதில் பின்னர்ச் சேர்த்தனர். மூப்பினால் கைவிரைவு குன்றியவர்க்கு அது பெரும் உதவி. வேண்டாதவர் அதனைத் தொடாமல் விடலாம். ஆனால் சந்தா என்பது வாடகை. வாடகைக்காரன் வீட்டுக்காரன் ஆவதில்லை. கடையை மூடிய அனுபவம் முன்னே இருக்கும்போது, இந்தக் கதவு மட்டும் என்றும் திறந்திருக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. நூலகம் ஒன்று விலைகொடுத்து வாங்கி, அலமாரியில் வைத்து, அடுத்த தலைமுறைக்கு எடுத்துக் கொடுக்கக்கூடிய உருவில் மறுவெளியீடு அமைதல் வேண்டும். வணிகருக்கு அதனால் பெரிய நட்டம் வராது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே முதலீட்டை ஈட்டிவிட்ட படைப்பு அது.

மேற்படி அமெரிக்க நாட்டின் நாடாளுமன்ற நூலகம் இவ்வகையில் ஓர் அடி எடுத்து வைத்தது. காக்கத்தக்க ஒலிப்பதிவுகள் என்று தான் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், 2023 ஆம் ஆண்டில், கோஜி கோண்டோ அமைத்த மாரியோ இசையை அது சேர்த்துக்கொண்டது. வீடியோ விளையாட்டின் இசை அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. இசைக்குக் கிடைத்த இடம் தாவலுக்கும் கிடைக்க வேண்டும் அன்றோ? அந்த இசை, ஓடும் கால்களுக்காக எழுந்தது. ஆட்டத்தை விட்டுப் பிரித்து இசையை மட்டும் காப்பது, மணவாளனை வாயிலில் நிறுத்திவிட்டு நாதசுரக்காரரை மட்டும் உள்ளே அழைத்தது போலாகும்.

ஒன்று மட்டும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1999 ஆம் ஆண்டின் டீலக்ஸ் கேட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு மின்கலம் உண்டு. ஆடுபவர் சேமித்த நிலைகளை அதுவே காத்து வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆனதால் அம்மின்கலங்கள் ஒவ்வொன்றாக வறண்டு வருகின்றன. இளமையில் கடந்த நிலைகளும் பெற்ற புள்ளிகளும் அவற்றோடு அழிகின்றன. 1985 ஆம் ஆண்டின் மூலக் கேட்ரிட்ஜில் மின்கலம் இல்லை. அதற்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எதுவும் இருக்கவில்லை. பழைய ஃபேமிகாம் கருவி ஒன்றில் அதனைப் பொருத்தி மின்சாரத்தைச் செலுத்தினால், மாரியோ இன்றும் திரையின் இடப்பக்கத்தில் வந்து நிற்கிறான். அவனுக்கு வலப்பக்கம் வெட்டவெளியாகக் கிடக்கிறது.